கீழத்தெரு தாழ்ந்த தெருவா?
உயரச் சொற்களைக் கற்பித்தல்: ஒரு வகுப்பறை அனுபவம்

ஆறாம் வகுப்பில் எதிர்ச்சொல் பாடம். மேடு – பள்ளம், ஏற்றம் – இறக்கம், உயர்வு – தாழ்வு, மேல் – கீழ் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்போ எங்க கீழத்தெரு தாழ்ந்த தெருவா டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் இல்லம்மா, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்பது அன்று முழுவதும் உறுத்தியது. மறுநாள் அதையே பாடமாக எடுத்தேன்.

நிலம் தந்த சொற்கள்

தமிழ்நாட்டின் இயற்கை அமைப்பு வரைபடத்தை மாட்டினேன். "காவிரி, வைகை, தாமிரபரணி எந்தத் திசையில் ஓடுகின்றன?" என்று கேட்டேன். "கிழக்கே, கடலுக்கு" என்றார்கள். "ஏன்?" "தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்!"

விடை அதிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கும் பக்கம் நிலம் மேலே. வங்கக் கடல் இருக்கும் பக்கம் நிலம் கீழே. 'மேல்' என்பதிலிருந்து மேற்கு, 'கீழ்' என்பதிலிருந்து கிழக்கு. 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இந்த விளக்கத்தைத் தருகிறார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலம் மேற்கு நோக்கிச் சரிகிறது. அங்கே மேற்கைப் 'படிஞ்ஞாறு', அதாவது ஞாயிறு படியும் திசை என்கிறார்கள்.

மதுரையின் கீழமாசி வீதி கோயிலுக்குக் கிழக்கே இருப்பது; மேலமாசி வீதி மேற்கே இருப்பது. கீழ்வானம் என்றால் கிழக்கு வானம். கீழத்தெருவும் அப்படித்தான்: ஊரின் கிழக்குத் தெரு. அந்தப் பெயரை ஏளனமாகச் சொல்பவர்கள் இருக்கலாம். அந்த ஏளனம் சொல்லில் இல்லை, சொல்பவரிடம் இருக்கிறது என்பதையும் மாணவர்களிடம் வெளிப்படையாகவே பேசினேன்.

உயரமான, உயரத்தில், உயர்ந்த

மாணவர்கள் குழம்பும் இன்னொரு இடம் இது.

உயரமான: பொருளின் அடியிலிருந்து நுனி வரை உள்ள அளவு. 'உயரமான தென்னை.'

உயரத்தில்: பொருள் இருக்கும் இடம். 'உயரத்தில் பறக்கும் பருந்து.' பருந்து உயரமானது அன்று.

உயர்ந்த: அளவையும் குறிக்கும், மதிப்பையும் குறிக்கும். உயர்ந்த மலை என்பது அளவு. உயர்ந்த மனிதர் என்பது பண்பு. உயரமான மனிதர் வேறு, உயர்ந்த மனிதர் வேறு.

நெட்டை, குட்டை என்பவை தென்னை ரகங்களுக்குப் பெயராகும்போது வெறும் விவரம். பிள்ளைகளுக்குச் சூட்டப்படும்போது பட்டப்பெயர். காலை வணக்கக் கூட்டத்தில் "குட்டைப் பசங்க முன்னாடி வாங்க" என்று நாமே சொல்லிவிடுகிறோம். "உயர வரிசைப்படி நில்லுங்கள்" என்றால் போதும்.

எங்கிருந்து அளக்கிறோம்?

உயரம் என்று சொன்னதும் கேட்க வேண்டிய கேள்வி இது. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி, சுமார் 46 கி.மீ. ஓடி, 2,203 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையை அடைகிறது. ஏற்றம் 1,877 மீட்டர். "அப்படியானால் உதகை ரயில் நிலையக் கட்டடம் 2,203 மீட்டர் உயரமானதா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு சிரிக்கும், உயரமான, உயரத்தில் என்பவற்றின் வேறுபாடும் பதியும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: மேசைமேல் ஒரு சிறிய புட்டி, தரையில் ஒரு நீளமான கம்பை நிறுத்திப் பிடிக்க ஒரு மாணவர். எது உயரமானது? எது உயரத்தில் இருக்கிறது?

நடுநிலை: ஊரில் மேல, கீழ, மேட்டு எனத் தொடங்கும் பெயர்களைத் தொகுத்தல். திசைகாட்டியுடன் சென்று, பெயர் திசையைக் குறிக்கிறதா, மேட்டைக் குறிக்கிறதா எனப் பார்த்தல். மழைநீர் ஓடும் திசையையும் குறித்துக்கொள்ளலாம்.

உயர்நிலை: ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் கணக்குகளில் முதலில் பார்ப்பவரின் கண் மட்டத்திலிருந்து கிடைக்கோடு வரையச் சொல்லுங்கள். கட்டடத்தின் மேல் நின்று பார்ப்பவருக்குக் கிடைக்கும் உயரத்தோடு கட்டடத்தின் உயரத்தையும் கூட்ட மறப்பது குறையும்.

திசைகாட்டியோடு தெருக்களைப் பார்த்துவந்த மறுநாள், அந்த மாணவி தன் பதிவேட்டில் எழுதியிருந்தாள்: "எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது."

முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.