டிஜிட்டல் ரேடியோவின் கிளை வரிசைகளும் விவசாயமும்

தஞ்சை ஜில்லாவில் 1960-களின் பிற்பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல் பரவியபோது, குடியானவர்கள் அதனை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர். அதன் குணமும் சாகுபடி முறையும் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வாயிலாக அவர்களுக்கு எட்டியதே அப்பெயருக்குக் காரணமாகும். ஆயினும் அம்முறை ஒலிபரப்பில் ஓர் அலைக்கு ஒரு குரல்தான் உண்டு. நீர் பாய்ச்சச் சென்றவன் அவ்வேளையைத் தவறவிட்டால் அன்றையச் செய்தியையும் இழந்தவனாவான்.

டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் முறை இக்குறையைப் பெரிதும் நீக்கவல்லது. இதில் ஒரே அலைவரிசையில் நான்கு சேவைகள் வரை தனித்தனியே அனுப்பலாம். அகில இந்திய வானொலியின் மத்திய அலை நிலையங்களில் 35 இம்முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. ஆனால் கிளை வரிசையில் முதல் வரிசையின் பாட்டையே திரும்ப அனுப்புவது, மதகு கட்டிவிட்டு இரண்டு வாய்க்கால்களையும் ஒரே வயலுக்குத் திருப்புவதற்கு ஒப்பாகும்.

பங்கீட்டிலும் கணக்கு வேண்டும். 9 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள மத்திய அலைவரிசை ஒன்றில் விநாடிக்குச் சுமார் 20 கிலோபிட் அளவே செல்லும். இசைக்கு அதில் பெரும்பங்கு தேவை. பேச்சுக்கோ, தற்காலச் சுருக்க முறையில், 6 முதல் 8 கிலோபிட் போதுமானது. எழுத்துச் செய்திக்கு அதனினும் மிகச் சொற்பமே. ஆகவே ஒரு பொது வரிசை, ஒரு பேச்சு வரிசை, ஓர் எழுத்துச் சேவை என்ற அளவில் நிறுத்துவதே உசிதம். இதற்கு மேலும் பிரித்தால், நீர் கடைமடைக்கு எட்டாததுபோல, எல்லா வரிசைகளும் தெளிவிழக்கும்.

பேச்சு வரிசை அந்தந்தப் பிரதேசத்தின் பயிருக்கே உரியதாயிருத்தல் வேண்டும். உதாரணமாக, சம்பாப் பயிரில் புகையான் தோன்றிய தருணத்தில் வயல்நீரை வடிக்கவேண்டுமென்ற அறிவிப்பை மணிக்கு ஒருமுறை சொல்லலாம். பொது வரிசையில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. சந்தை விலைகளை வாசித்துக் காலங்கழிப்பதைவிட எழுத்தாக அனுப்புவதே மேல். ஜர்னலைன் என்னும் எழுத்துச் சேவையில் அவற்றைக் கேட்போர் தமக்கு வேண்டிய வேளையில் பெட்டியின் திரையில் படித்துக்கொள்ளலாம்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையைக் கடந்தபின், பல கிராமங்களில் மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோயின. இத்தகைய சமயத்தில் தொலைவிலுள்ள நிலையத்தின் குரலைப் பாட்டரிப் பெட்டி பெறக்கூடும். டி.ஆர்.எம். முறையில் அபாய அறிவிப்பு வரும்போது, அதற்கென அமைந்த பெட்டிகள் தாமே எச்சரிக்கை வரிசைக்கு மாறிவிடும்.

பழைய பெட்டிகள் டிஜிட்டல் ஒலிபரப்பைப் பெறா. புதியவை எளிதில் அகப்படுவனவுமல்ல. எனவே பண்ணை நிகழ்ச்சியைப் பொது வரிசையிலிருந்து அகற்றுதல் கூடாது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்து, கிராம உத்தியோகஸ்தர் விலைகளையும் அறிவிப்புகளையும் பலகையில் எழுதிவருதல் நலம்.

அனலாக் ரேடியோவில் அலை குன்றினால் இரைச்சலோடாவது குரல் கேட்கும். டிஜிட்டலில் ஓரளவுக்குக் கீழ் குன்றினால் ஒலி அடியோடு நின்றுவிடும். இரவில் இது அதிகம். அப்போது பெட்டி பழுதென்று கருதவேண்டியதில்லை. பெட்டியை மெல்லத் திருப்பித் திசை மாற்றிப் பார்க்கவேண்டும். பம்புசெட் ஸ்டார்ட்டர், எல்.ஈ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றிற்கு அப்பால், ஜன்னலோரமாக வைத்தால் பெரும்பாலும் ஒலி மீளும்.