சிறுநீரில் உள்ள கிருமி எது? சோதனை முடிவு வரும் வழி

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் காய்ச்சலும் உள்ளவர்களிடம் மருத்துவர் சிறுநீர் மாதிரி கேட்பது வழக்கம். முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆவதேன் என்பது உடனிருப்போர் பலரின் கேள்வி.

முதலில் செய்யப்படும் பட்டைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அப்போது பட்டை நிறம் மாறும். என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் இம்மாற்றத்தைச் செய்வதில்லை. ஆகவே, நிறம் மாறாததால் மட்டும் தொற்று இல்லை என்று கருத இயலாது.

கிருமியின் பெயரை அறிய அதனை வளர்த்துப் பார்க்க வேண்டும். மாதிரியில் சிறிதளவை ஊட்டச்சத்துள்ள அகார் தட்டில் தடவி, 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 18 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். வளர்ந்த கிருமியை வேதிச் சோதனைகளால் இனங்காண மேலும் ஒரு நாள் ஆகலாம். மால்டி-டாஃப் கருவி உள்ள ஆய்வகங்களில் அவ்வேலை சில நிமிடங்களில் முடிகிறது. லேசர் ஒளி பட்டதும் கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்றுக் குழாயினுள் பறக்கின்றன. இலேசானவை முன்னும் கனமானவை பின்னும் வந்து சேரும். இந்த வரிசை, கைரேகையைப் போல, கிருமியின் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆயினும் பெயர் மட்டும் போதாது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, ஒருவருக்கு ஒரு மருந்தில் அழியும். மற்றொருவருக்கு அதே மருந்தை எதிர்த்து நிற்கும். எந்த மருந்து பலிக்கும் என்றறிய வழக்கமாக மேலும் ஒரு நாள் தேவை. முதலில் தந்த மருந்தை மருத்துவர் பின்னர் மாற்றுவது இதனால்தான்.

முடிவு சரியாக அமைய நீங்கள் செய்ய வேண்டியவை:

• இயன்றவரை, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுங்கள்.
• உறுப்பை நீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுப்பகுதியைப் பிடியுங்கள்.
• குப்பியின் உட்புறத்தைத் தொடாதீர்கள்.
• இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்ப்பியுங்கள். இயலாவிடில் குளிர்பெட்டியில் வையுங்கள். தகுந்த சூழலில் ஈ.கோலை 20 நிமிடங்களில் இருமடங்காகும்; வெளியே வைத்த மாதிரி பொய்யான எண்ணிக்கையைக் காட்டும்.
• சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்குப் பையிலிருந்து மாதிரி எடுக்கலாகாது, செவிலியரிடம் கேளுங்கள்.

குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி, முதியோரிடம் திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால் முடிவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கர்ப்பிணிகள் சிறு அறிகுறியையும் புறக்கணித்தலாகாது.