ப்ராஜெக்ட்டில் வீடியோ இல்லை!

வீட்டு விசேஷங்களில் எடுத்த வீடியோவை எடிட் செய்ய முன்பெல்லாம் ஸ்டுடியோக்களைத் தேடிப் போனோம். இன்று சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளே நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் திரைப்படங்களுக்கு நிறம் திருத்த மட்டும் பயன்பட்ட, பல லட்சம் டாலர் விலையுள்ள சாதனம் இது. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் இதனை வாங்கி, விலையைக் குறைத்து, பிறகு ஓர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. இலவசப் பதிப்பில் 4கே அளவு வரை (3840 x 2160) வீடியோ தயாரிக்கலாம். நமக்கு அது தாராளம்.

மென்பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் எடிட்டிங் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் ஒரு பாடம் நமக்கு வந்து சேரவில்லை. வாசகர் ஒருவர் தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாண வீடியோவை இரண்டு வாரம் உட்கார்ந்து எடிட் செய்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை. "எல்லாம்தான் ப்ராஜெக்ட்டில் சேவ் ஆகிவிட்டதே" என்று கேமராவிலிருந்து காப்பி செய்த பைல்களை அழித்துவிட்டார். மறுநாள் ரிசால்வ் திறந்தால் திரை முழுவதும் சிவப்பு. நடுவில் "மீடியா ஆஃப்லைன்" என்ற செய்தி. மெமரி கார்டையும் அதற்குள் பார்மட் செய்துவிட்டார்.

என்ன நடந்தது? எடிட்டிங் மென்பொருள் உங்கள் வீடியோவை வெட்டுவதும் இல்லை, தனக்குள் சேமித்து வைப்பதும் இல்லை. "இந்த போல்டரில் உள்ள இந்த பைலை எடு, 12-வது விநாடி முதல் 17-வது விநாடி வரை காட்டு, அடுத்து அந்த பைலுக்குப் போ" என்று குறிப்பு மட்டுமே எழுதி வைக்கிறது. ப்ராஜெக்ட் என்பது அந்தக் குறிப்பேடுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதே கதை. ஒரிஜினல் பைலை அழித்தாலோ, பெயரை மாற்றினாலோ, வேறு போல்டருக்கு நகர்த்தினாலோ குறிப்பு எதைக் காட்டுகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நகர்த்தியிருந்தால் கவலை இல்லை. மீடியா பூல் பகுதியில் அந்தக் கிளிப்பில் ரைட் கிளிக் செய்து, "ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய இடத்தைக் காட்டினால் போதும். அழித்திருந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

இந்த ஏற்பாடு ஏதோ கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். பிலிம் காலத்திலிருந்தே இப்படித்தான். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள், ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள். ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். கேமராவில் ஓடிய நெகட்டிவ்வை எடிட்டர் தொடமாட்டார். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து, மூவியோலா போன்ற கருவியில் ஓட்டிப் பார்த்து, அதைத்தான் வெட்டி ஒட்டுவார். கீறல் விழுந்தாலும் பரவாயில்லை, அது வேலைக்கான பிரதிதானே! எல்லாம் முடிவான பிறகு, பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து, அதே இடங்களில் நெகட்டிவ்வை ஒரே ஒரு முறை வெட்டுவார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோதும் இந்த முறையையே பின்பற்றினார்கள். 1971-ல் சிபிஎஸ், மெமோரெக்ஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600 என்ற சாதனத்தைக் கொண்டு வந்தன. திரையில் தெரிந்தது மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்தான். அதில் வெட்டும் இடங்களை முடிவு செய்து ஒரு பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பட்டியலின்படி ஒரிஜினல் டேப்பிலிருந்து தரமான படம் தொகுக்கப்படும். 1989-ல் வந்த ஏவிட் சாதனத்திலும் ஆரம்பத்தில் தரம் குறைந்த பிரதிதான் ஓடியது. தமிழில் ‘மகாநதி’ (1994) ஏவிட் கொண்டு எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. 1996-ல் வெளியான ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காக வால்டர் மர்ச் எடிட்டிங் ஆஸ்கார் வாங்கியதும் இதே சாதனத்தில் செய்த வேலைக்குத்தான்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். செல்போனில் எடுத்த 4கே வீடியோவை ரிசால்வில் ஓடவிட்டால் பலருக்கும் திக்கித் திக்கித்தான் ஓடும். உடனே "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று கடைக்காரரிடம் போக வேண்டாம். போனில் பதிவாகும் எச்.264, எச்.265 வகை பைல்களில் எல்லா பிரேம்களும் முழுதாக இருப்பதில்லை. இடத்தை மிச்சப்படுத்த, இடையிடையே ஒரு பிரேம் மட்டும் முழுதாகவும், மற்றவற்றில் எது மாறியது என்ற விவரம் மட்டும் பதிவாகும். நீங்கள் நடுவில் ஒரு பிரேமில் கிளிக் செய்தால், முன்னால் உள்ள முழு பிரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். பார்ப்பதற்கு இது சிரமமில்லை. முன்னும் பின்னும் தாவித் தாவி எடிட் செய்வதற்குத்தான் சிரமம். டிஎன்எக்ஸ்எச்ஆர், ப்ரோரெஸ் போன்ற எடிட்டிங் வகைகளில் ஒவ்வொரு பிரேமும் முழுதாக இருக்கும். அதே அளவுப் படத்துக்கு பைல் பெரியதாக இருக்கும். ஆனால் லேசாக ஓடும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

எனவே பாசிட்டிவ் பிரதி எடுத்ததைப் போல நாமும் ஒரு வேலைப் பிரதி எடுத்துக் கொள்ளலாம். இதனை ப்ராக்ஸி என்கிறார்கள். ரிசால்வில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்து, மாஸ்டர் செட்டிங்ஸ் பிரிவில் ப்ராக்ஸி மீடியா ரெசல்யூஷன் என்ற இடத்தில் "குவார்ட்டர்" என்றும், பார்மட் என்ற இடத்தில் "டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி" என்றும் அமைத்திடுங்கள். பிறகு மீடியா பூலில் கிளிப்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, "ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா" என்பதில் கிளிக் செய்திடுங்கள். கிளிப்கள் நிறைய இருந்தால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். நீள அகலம் கால் பங்காவதால் 4கே படத்தின் 16-ல் ஒரு பங்கு புள்ளிகளைத்தான் கம்ப்யூட்டர் சமாளிக்க வேண்டும். ப்ளேபேக் மெனுவில் "பிரிஃபர் ப்ராக்ஸிஸ்" தேர்வாகி இருக்கட்டும். படம் மங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இறுதி வீடியோவைத் தயாரிக்கும்போது, நீங்களாக மாற்றிச் சொல்லாத வரை, மென்பொருள் ஒரிஜினல் பைல்களையே எடுத்துக் கொள்ளும். வேலை முடிந்ததும் இடம் வேண்டுமா? ப்ராக்ஸிகளை அழியுங்கள், திரும்ப உருவாக்கிக் கொள்ளலாம். அந்த வாசகருக்கு அழிக்கத் தகுந்த பைல் என்று ஒன்றுகூட இல்லாமல் போனதுதான் பரிதாபம்.

ரிசால்வுக்குக் குறைந்தது 16 ஜிபி ராம் வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. 8 ஜிபி மட்டும் உள்ளவர்கள் ஷாட்கட், கேடன்லைவ் என்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை இன்ஸ்டால் செய்யலாம். ப்ராக்ஸி வசதி இரண்டிலும் உண்டு.

செல்போன் வீடியோவில் இன்னொரு தொல்லை. வெளிச்சத்தைப் பொறுத்து விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதை போன் மாற்றிக் கொண்டே இருக்கும். விளைவு, போகப் போக உதடு ஓரிடம், குரல் ஓரிடம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ டேப் சென்று "கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்" தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங் தொடங்குங்கள். அப்போதும் போனில் எடுத்த ஒரிஜினலை அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. உறவினர்களிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு போல்டர் உருவாக்கி, அதற்குள் ஒரிஜினல், ஒலி, ப்ராக்ஸி, இறுதி என நான்கு போல்டர்கள் வையுங்கள். எல்லா பைல்களையும் அங்கே சேர்த்த பிறகே ரிசால்வில் இறக்குங்கள். அதன் பின் பெயர் மாற்றாதீர்கள். படப்பிடிப்புத் தளங்களில் இரண்டு மூன்று டிஸ்க்குகளில் காப்பி செய்து, பைல்கள் சரியாக வந்தனவா என்று சோதித்த பிறகுதான் கார்டைக் காலி செய்வார்கள். நீங்களும் இரண்டு டிஸ்க்குகளில் காப்பி செய்து, ஓட்டிப் பார்த்த பிறகே பார்மட் செய்யுங்கள்.

எடிட்டிங் முடிந்ததும் ப்ராஜெக்ட் மேனேஜரில் உங்கள் ப்ராஜெக்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்திடுங்கள். "எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்" என்றால் குறிப்பேடு மட்டும் கிடைக்கும். அடுத்துள்ள "எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, "மீடியா பைல்ஸ்" கட்டத்தில் டிக் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுத்தால், ப்ராஜெக்ட்டில் சேர்த்த ஒரிஜினல் வீடியோக்களும் சேர்ந்தே வந்துவிடும். அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, விசேஷத்தின் பெயரையும் தேதியையும் டிஸ்க்கின் மேல் எழுதி ஒட்டிடுங்கள்.