வானிலையும் வகுப்பறையின் மனநிலையும்

வானிலை அறிக்கையில் வெப்பநிலை, ஈரப்பதம் என இரண்டு எண்களைத் தருகிறார்கள். நம் மொழி இரண்டையும் சேர்த்துப் 'புழுக்கம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. மனம் வெந்து கிடப்பதையும் அதே சொல்லால் 'மனப்புழுக்கம்' என்கிறோம். காட்டுப்பள்ளிப் பகுதியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு இந்த ஒற்றுமை தற்செயலானதாகத் தெரியவில்லை. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. சுற்றிலும் தண்ணீர் என்பதால் ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் குறைவதே இல்லை.

ஒரு மாணவர் பாடத்தைக் கவனிக்கவில்லை என்றால் வீட்டுச் சூழல், கைப்பேசி, தூக்கமின்மை எனப் பல காரணங்களை ஆராய்கிறோம். அன்று காற்று எப்படி இருந்தது என்று மட்டும் பார்ப்பதில்லை.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையை நம்பியிருக்கிறது. வியர்வை வழிவதால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. அது ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தமாகும். சட்டை நனையும், உடல் சூடு இறங்காது. இதயம் கூடுதலாக உழைத்துத் தோலுக்கு இரத்தத்தை அனுப்பும். களைப்பு, தலைவலி, எரிச்சல் எல்லாம் இதன் தொடர்ச்சிதான். இதை ஏழாம் வகுப்பில் இரண்டு வெப்பநிலைமானிகளை வைத்தே காட்டிவிடலாம். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிவிட வேண்டும். வறண்ட நாளில் இரண்டின் அளவுகளும் நன்றாக விலகி நிற்கும். புழுக்கமான நாளில் நெருங்கி வந்துவிடும். அந்த இடைவெளி குறையக் குறைய நம் வியர்வையின் வேலையும் கெடுகிறது என்று சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இங்கே காலையில் வீசும் தரைக்காற்று நின்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். சூன், சூலையில் மேலைக்காற்று வலுத்திருந்தால் அது தாமதமாகும்; சில நாள் வராமலே போகும். என் அனுபவத்தில், வகுப்பில் சண்டையும் அழுகையும் மிகுவது கடற்காற்றுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஆய்வு என்று இதற்குப் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் வாய்மொழித் தேர்வு வைப்பதில்லை. செய்முறை, குழு வேலை, படம் வரைதல் என்று மாற்றிக்கொள்கிறேன். 2023 சூனில் வெயிலின் காரணமாகப் பள்ளித் திறப்பையே அரசு தள்ளி வைத்தது நினைவிருக்கும். ஒரு பாடவேளையை இடம் மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

வானிலையும் மனநிலையும் என்று தேடினால் பெரும்பாலான நூல்கள் 'பருவகால மனச்சோர்வு' பற்றியே பேசும். 1984இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்த நிலை அது. குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கும் நாடுகளுக்கு அது பொருந்தும். நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அந்தப் பாடத்தை அப்படியே இங்கே இறக்குவதில் பயனில்லை.

நமக்கு நெருக்கமானது வேறொன்று. இந்தியாவில் வெப்பநிலையையும் மாணவர்களின் கற்றல் அடைவையும் ஒப்பிட்டு தீவ்ரத் கார்க், மௌலிக் ஜக்னானி, விஸ் தராஸ் ஆகியோர் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. வெப்பம் மிகுந்த நாள்கள் கூடினால் கணிதத்திலும் வாசிப்பிலும் அடைவு குறைகிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. விளைச்சல் குறைந்து வீட்டு வருமானம் சுருங்குவதும் அதற்கு ஒரு முக்கிய வழி என்று காட்டினார்கள். அதாவது, வானிலை குழந்தையின் தோல் வழியாக மட்டுமன்றி வீட்டு அடுப்பு வழியாகவும் வருகிறது.

வயலுக்குப் பதில் கடல் என்று வைத்துக்கொண்டால் அது எங்கள் ஊர்க் கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் 'சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற செய்தி மற்றவர்களுக்குத் தொலைக்காட்சியில் ஓடும் ஒரு வரி. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்பாவின் படகு கரையில் நிற்கும் நாள். வருமானம் இல்லாத நாள். அப்பா ஏற்கெனவே கடலில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நாம் கரும்பலகையில் எழுதுவது எதுவும் கண்ணில் படாது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது மழை விட்ட பிறகும் தொழில் முடங்கியது. அரையாண்டுத் தேர்வைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் தேர்வு எழுத வந்த பிள்ளைகளிடம் அந்த வாரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் உருக்காலையில் இரவுப்பணி முடித்து வரும் தந்தை, பகலில் தகரக் கூரையின்கீழ் தூங்க முயலும் வீடுகளுக்கும் இதுபோல் ஒரு கணக்கு உண்டு.

வகுப்பில் 'காற்றுக் குறிப்பேடு' ஒன்று வைத்திருக்கிறோம். காலையில் இரண்டு வெப்பநிலைமானிகளின் அளவும் காற்றின் திசையும் எழுதுவார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று வீட்டில் வழங்கும் பெயர்களையே எழுதச் சொல்கிறேன். இதில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் எனக்கு ஆசிரியர்கள். இன்றைய மனநிலையை மட்டும் பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். 'தூக்கம் வரல, கரண்ட் இல்ல', 'எல்லார் மேலயும் கோவம்', 'அப்பா மூணு நாளா கடலுக்குப் போகல' என்றெல்லாம் வரும். இவற்றை வகுப்பில் வாசிப்பதில்லை. மாதக் கடைசியில் எத்தனை சீட்டில் களைப்பு, எத்தனையில் கோபம், எத்தனையில் பயம் என்று எண்ணி, வெப்பநிலைமானிகளின் இடைவெளியோடு சேர்த்து வரைபடம் போடுகிறோம். கணித ஆசிரியருக்கும் இது பயன்படும்.

வரைபடத்தில் காற்று மாறியும் மனம் மாறாத வாரங்கள் தெரிந்தால் அங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். எல்லாச் சோர்வுக்கும் வானிலையைக் காரணம் காட்டுவதும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரு பிள்ளை சாப்பிடாமல், விளையாடாமல், பேசாமல் இருந்தால் பெற்றோரைச் சந்தியுங்கள்; கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். புயல் காலத்தில் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளில் நான் பாடம் தொடங்குவதில்லை. படகு, வலை, வீடு, ஆடு, புத்தகம் எனத் தொலைந்ததையும் தப்பியதையும் பிள்ளைகள் சொல்லி முடிக்க இரண்டு பாடவேளை ஆகும்.