கிளிப்பிள்ளை

பாடம் 8 – உரைநடை

நுழையும் முன்

அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை எனச் சில உயிர்களைப் பிள்ளை என்றே அழைப்பது தமிழ் வழக்கு. பிள்ளை என்று அழைத்தபின் அதனைப் பேணும் கடமையும் நமக்கு வந்துவிடுகிறது. முதன்முதலாகப் பறவை வளர்க்க விரும்பும் மாணவர் எதனை வளர்க்கலாம், எதனை வளர்க்கலாகாது, எவ்வாறு பேண வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் கற்போம்.

தமிழும் கிளியும்

கிளி தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக இடம்பெற்ற பறவை. தினைப்புனம் காத்த மகளிர் கதிர் கொய்ய வந்த கிளிகளை ஓட்டிய செய்தியைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. மதுரை மீனாட்சியம்மனின் கையில் கிளி உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிய கிளி ஒன்று வைக்கப்படுகிறது. இலைகளாலும் மாதுளம்பூவாலும் கட்டப்படும் கிளி அது. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒரு மண்டபம் உள்ளது. முற்காலத்தில் அங்குக் கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டன. இன்று அங்குக் கிளிகள் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துள்ளது.

'கிளி' என்னும் சொல் கன்னடத்திலும் உண்டு. முதலெழுத்தை மட்டும் மென்மையாக ஒலித்தால், உங்கள் கன்னடத் தோழர் கூறும் சொல் கிடைத்துவிடும்.

பச்சைக்கிளியை வளர்க்கலாமா?

பெங்களூரின் கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் மாலை வேளையில் கூட்டமாகப் பறக்கும் கிளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். வளர்ந்த ஆண்கிளியின் கழுத்தில் சிவந்த மாலை போன்ற வளையம் இருப்பதால் இப்பெயர் அமைந்தது. இவை மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

இக்கிளிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளி, மைனா, சில்லை முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் அடைப்பதையும் தடை செய்கிறது. மீறுவது தண்டனைக்குரிய குற்றம்.

இத்தடைக்குக் காரணம் உண்டு. விற்பனைக்காகக் கிளி பிடிப்போர், சிறகு முளைக்காத குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுக்கின்றனர். நெருக்கமான கூடைகளில் அடைத்து நெடுந்தொலைவு கொண்டு செல்லும்போது பல குஞ்சுகள் வழியிலேயே இறக்கின்றன. எஞ்சியவை பறந்துவிடாதபடி அவற்றின் சிறகுகள் நறுக்கப்படுகின்றன. ஆகவே, எவரேனும் பச்சைக்கிளியை விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெற்றோரையும் வாங்க விடாதீர்கள்.

எந்தப் பறவையை வளர்க்கலாம்?

சிவாஜிநகர் ரசல் சந்தைப் பகுதியிலுள்ள கடைகளில் நீலம், மஞ்சள், வெள்ளை நிறச் சிறு கிளிகளைக் காணலாம். மக்கள் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்பர். இவற்றின் உண்மைப் பெயர் பட்ஜெரிகர். லவ் பேர்ட்ஸ் என்பவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளிகள். பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கு இது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் பெருங்கூட்டமாக வாழ்கிறது. 1840 இல் ஐரோப்பாவுக்கு உயிருடன் கொண்டுவரப்பட்டுப் பெருகியது. பிற நிறங்கள் மனிதர் வளர்ப்பில் தோன்றியவை.

நம் ஊரில் விற்கப்படும் பட்ஜெரிகர்கள் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தவை. 'விடுதலை' அளிப்பதாக எண்ணி இதனைத் திறந்துவிட்டால், இரை தேடத் தெரியாமல் பசியால் வாடும். காகத்துக்கோ பருந்துக்கோ இரையாகும். இதனை வளர்க்கத் தொடங்கியவர் இறுதிவரை கைவிடலாகாது.

வாங்கும் முன் எண்ணுக

1. இது ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடும். நான் மேல் வகுப்புக்குச் சென்ற பின்னும் இதனைக் கவனிப்பேனா?
2. இது கூட்டமாக வாழும் இயல்புடையது. இரண்டு பறவைகளுக்கு இடம் உள்ளதா?
3. நாள்தோறும் கூண்டைத் தூய்மை செய்வது யார்?
4. விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் செல்லும்போது யாரிடம் ஒப்படைப்பது?

நான்காம் கேள்வி நமக்கு மிகவும் முதன்மையானது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும் குடும்பங்கள் நம்முடையவை. பூட்டிய வீட்டில் பறவையை விட்டுச் செல்லுதல் கொடுமை. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு, உணவு, நீர், உறக்கம் பற்றிய குறிப்பை அவர்கள் படிக்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். இந்நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கும்வரை பறவையை வாங்காதிருப்பதே நன்று.

பேணும் முறை

கூண்டு: உயரத்தைவிட அகலம் மிகுந்திருக்க வேண்டும், பறவை பக்கவாட்டில் பறப்பது. கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அமர்வதற்குக் கொய்யா அல்லது வேப்பங்கிளைகளை வெவ்வேறு பருமனில் வைத்தால் கால்களுக்கு நல்லது. கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் பறவை அஞ்சாது.

உணவு: தினையே இதற்கு ஏற்ற தானியம். கன்னடத்தில் இதனை 'நவணெ' என்பர். மளிகைக் கடையில் அப்பெயரால் கேட்கலாம். தானியம் மட்டும் போதாது. கழுவிய கீரை, கொத்தமல்லித்தழை, துருவிய கேரட் ஆகியவற்றையும் தருக. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டுக. உப்பிட்ட தின்பண்டம், சாக்லேட், பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றை ஒருபோதும் தராதீர்கள். குடிநீரை நாள்தோறும் மாற்றுக.

உறக்கம்: இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. மார்கழி, தை மாதங்களில் பெங்களூரின் இரவு குளிரும். கூண்டை மாடத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, காற்றோட்டம் தடைபடாமல் துணியால் மூடுக.

பழக்குதல்: முதல் சில நாள்கள் தொட முயலாதீர்கள். அருகில் அமர்ந்து மெல்லப் பேசுங்கள். பின்னர்த் தினைக்கதிரைக் கையில் நீட்டுங்கள். அச்சம் நீங்கியபின் அதுவே வரும்.

இடர்கள்: கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துக, சன்னல்களை மூடுக. கொசுவர்த்திப் புகை, ஊதுவத்திப் புகை ஆகியவை பறவைக்குத் தீங்கானவை. மிகுதியாகச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி பறவையைக் கொன்றுவிடும். ஆதலால் சமையலறையில் கூண்டை வைக்கலாகாது.

நோய்: பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. இறகுகளைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையில் அமர்ந்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்க. பறவையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகளைக் கழுவுக.

கூண்டு இல்லாமலும் அன்பு காட்டலாம்

வீட்டில் வளர்க்க இயலாதோர் வருந்த வேண்டா. கோடையில் மாடத்தில் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுங்கள். மைனாவும் புறாவும் காகமும் தாமே வரும். வந்து, நீர் அருந்தி, தம் விருப்பப்படி பறந்து செல்லும்.

அருஞ்சொற்பொருள்

புனம் – மலைநிலத்து விளைநிலம்
தார் – மாலை
கொய்தல் – பறித்தல்
பேணுதல் – பாதுகாத்து வளர்த்தல்
இடர் – துன்பம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. செந்தார்ப் பைங்கிளி எனப் பெயர் அமைந்த காரணம் யாது?
2. பச்சைக்கிளியை ஏன் வளர்க்கலாகாது? இரு காரணங்கள் தருக.
3. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதும் தவறு. பட்ஜெரிகரைத் திறந்துவிடுவதும் தவறு. ஏன்? உம் சொற்களில் விளக்குக.

ஆ. பிரித்து எழுதுக.
பைங்கிளி = ............ + கிளி
செந்தார் = ............ + தார்

இ. ஒலிமரபு அறிந்து பொருத்துக.
காகம் – அகவும்
மயில் – அலறும்
குயில் – கரையும்
ஆந்தை – கூவும்

ஈ. கன்னடத்தில் காகம் 'காகெ', கோழி 'கோளி'. இவ்வாறு ஒத்த ஒலியுடைய மேலும் மூன்று சொற்களைத் தோழரிடம் கேட்டு எழுதுக.

உ. செயல்பாடு: நீங்கள் பத்து நாள் ஊருக்குச் செல்கிறீர்கள். இரு பட்ஜெரிகர்களை ஒப்படைக்கும் அண்டை வீட்டாருக்கு எட்டு வரிகளில் குறிப்பு ஒன்று தமிழில் எழுதுக. தோழரின் துணையோடு அதனைக் கன்னடத்திலும் எழுதுக.