காலணிக்குள் கிடந்த வைரம்

ஐதராபாத்தின் கிழக்கே, உப்பலுக்கும் நாகோலுக்கும் இடையிலுள்ள பாலத்தின் கீழ் மூசி நதி ஓடுகிறது. இந்த நதியே ஓர் அரசரின் உள்ளத்தை உலகிற்குக் காட்டியது.

ஆறாம் நிஜாமான மீர் மஹபூப் அலி கான் 1866-ஆம் ஆண்டு பிறந்தார். 1869-இல், குழந்தைப் பருவத்திலேயே அரியணை ஏறினார். ‘மஹபூப்’ என்ற சொல்லுக்கு ‘அன்புக்குரியவர்’ என்பது பொருள். அவர் துறவியல்லர். புரானி ஹவேலியில் அவருடைய ஆடைகளுக்கென்றே ஒரு நீண்ட கூடம் முழுவதும் மர அலமாரிகள் அமைந்திருந்தன. சுமார் 185 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அவரிடம் இருந்தது. ஆயினும் மக்கள் அவரை நேசித்தனர். அதன் காரணம் ஆராயத்தக்கது.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. வீடிழந்தோருக்காக அரண்மனைக் கதவுகள் திறக்கப்பட்டன. பசித்தோருக்கு உணவு வழங்கப்பட்டது. இஸ்லாமியரான அரசர், இந்துப் பெரியோர்களின் சொல்லைக் கேட்டு ஆற்றங்கரைக்குச் சென்று நதிக்கு ஆரத்தி எடுத்தார் என்று மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். குடிகளின் துயரம் தம்முடையது என்றால், அவர்களுடைய வழிபாடும் அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை என்பதே இதன் உட்பொருள்.

கண்ணீரோடு கருணை நின்றுவிடவில்லை. இனியொரு பேரழிவு நேராதிருக்க வழிகாணுமாறு பொறியாளர் விசுவேசுவரய்யா 1909-இல் அழைக்கப்பட்டார். நகருக்கு மேலே வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் நீர்த்தேக்கங்களை அவர் பரிந்துரைத்தார். அவற்றைக் காண அரசருக்கு ஆயுள் இல்லை. 1911 ஆகஸ்ட் 29 அன்று, தமது 45-ஆம் வயதில் அவர் காலமானார். மக்கா மசூதி வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மகன் உஸ்மான் அலி கானின் ஆட்சியில் 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் இமாயத் சாகரும் நிறைவுற்றன. தந்தையின் காலத்தில் தொடங்கிய எண்ணம் மகனால் செயல்வடிவம் பெற்றது.

அந்த வைரம் என்னவாயிற்று? தந்தையின் மறைவுக்குப் பின்னர், அவருடைய காலணி ஒன்றின் முனைக்குள் மகன் அதைக் கண்டெடுத்தார் என்பர். பின்பு அது காகிதங்கள் பறவாதிருக்க வைக்கும் கல்லாகப் பயன்பட்டது. 1995-இல் இந்திய அரசு நிஜாம்களின் ஏனைய நகைகளுடன் அதனையும் விலைக்கு வாங்கியது. இன்று அது மக்களின் உடைமை.

செல்வம் உரியவர் கையை விட்டு நீங்கிவிடும். பிறர் துயர் துடைக்க விதைத்த எண்ணமோ, விதைத்தவர் மறைந்த பின்னும் பயன் தருகிறது. அரியணை இல்லாதோர்க்கும் இந்த வாய்ப்பு உண்டு. நல்ல செயலொன்றின் முடிவைத் தாம் காணப்போவதில்லை என்று அறிந்தும் அதைத் தொடங்கும் மனம் தம்மிடம் உள்ளதா என ஒவ்வொருவரும் சிந்திப்பாராக.