நின்றால் சுற்றும் அம்பு

அன்புள்ள கயல்,

மூன்று ஜிபிஎஸ் கருவிகளின் படத்தை அனுப்பி, "சித்தப்பா, இதுல எது?" என்று கேட்டிருந்தாய். போனில் தட்டினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் காகிதம்.

மூன்றாவதை முதலில் கழித்துவிடு. செயற்கைக்கோள் வழியாக அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று ஆசைப்பட்டாயே, அந்த கார்மின் இன்ரீச்சைத்தான் சொல்கிறேன். கருவியில் குறையில்லை. ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக்காரர்கள் சிலர், பையில் அது இருந்ததற்காகவே கோவா, டெல்லி விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள். சாதாரண ஜிபிஎஸ் கருவி, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் காதால் கேட்பதோடு சரி, வாயே திறக்காது. இன்ரீச் பதில் பேசும். வம்பு அந்தப் பேச்சில்தான்.

அடுத்து, "போன் இருக்கும்போது இது எதுக்கு?" என்று உன் அப்பா கேட்பார். பாதிக்கு மேல் அவர் சொல்வது சரிதான். டவர் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிவைத்து, ஏர்பிளேன் மோடில் போட்டுக்கொண்டால் ஊர் சுற்றவும் ஒருநாள் நடைக்கும் அதுவே ஏராளம். நம்மூர் வனத்துறைப் பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார், அங்கே கருவியை வெளியே எடுக்கவே வேலையிருக்காது. நீ போகப்போவது உத்தரகண்டில் ஆறு நாள் நடை. வழியில் சார்ஜ் போட இடமில்லை. தனிக் கருவிக்குக் காசு போடுவதானால் அதற்காகப் போடலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொடைக்கானல் பக்கம், ஒரு சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளி. மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கி, பத்தடி தள்ளி நின்ற ஆள் தெரியவில்லை. போனை எடுத்தேன். விரலிலும் ஈரம், திரையிலும் ஈரம். தொட்ட இடம் ஒன்று, திறந்தது வேறு. சரி என்று பழைய கருவியை எடுத்து, முகாமை இலக்காக வைத்தேன். அம்பு இடப்பக்கம் காட்டியது. திரும்பினேன். அம்பும் திரும்பியது. நான் நிற்க நிற்க அது பம்பரம் மாதிரி சுற்றியது. கூட வந்த வழிகாட்டி அண்ணன் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாய் குரைக்குற பக்கம் போவோம் சார்" என்றார். போய்ச் சேர்ந்தோம்.

கருவி பழுதில்லை. உள்ளே காந்தத் திசைகாட்டி இல்லாத ஜிபிஎஸ்ஸுக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்று தெரியாது. பத்துப் பதினைந்து எட்டு நடந்தால், விட்ட புள்ளியையும் தொட்ட புள்ளியையும் ஒப்பிட்டுத் திசையைக் கண்டுகொள்ளும். மூடுபனியில் யாரும் நடப்பதில்லை, பயந்து நிற்பார்கள். உன் பட்டியலில் மீதமிருக்கும் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன அல்லவா? 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு, 22எக்ஸில் இரண்டும் இல்லை. கூடுதல் விலை அதற்குத்தான். கொடுக்கலாம் என்பேன். உயரமானிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. முகாமில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே உயரம் ஏறுவதாகக் காட்டினால் காற்றழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். மழைக் கோட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வை.

இரண்டிலும் தொடுதிரை கிடையாது, பொத்தான்தான். ஈரக்கையோடும் கையுறையோடும் அமுக்கலாம். ஏஏ பேட்டரி இரண்டு போட்டால் 25 மணி நேரம் என்கிறார்கள். குளிரில் அதை நம்பாதே. சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் ஏஏ தாங்கும். எந்த வகை போட்டிருக்கிறாய் என்று கருவியின் அமைப்பில் மாற்றிவிடு, இல்லையென்றால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். கேமரா, பாட்டு, விளையாட்டு என்று பெட்டியில் அச்சிட்டதையெல்லாம் நான் படிப்பதே இல்லை.

இன்னொன்று, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கொடைக்கானலின் அட்சரேகை 10.2381 டிகிரி. அதையே டிகிரி, நிமிடம், விநாடியாகச் சொன்னால் 10-14-17. போனில் கேட்பவர் இதை 10.1417 என்று குறித்துக்கொண்டால், உன்னைத் தேடுபவர்கள் பத்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்த் தேடுவார்கள். குழுவில் எல்லோரும் ஒரே முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வே வரைபடம் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1802-ல் லாம்டன் பரங்கிமலையில் சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவைப் பணியில் பின்னால் வந்த எவரெஸ்ட் என்பவர் வகுத்த பூமியின் வடிவத்தை வைத்துத்தான் அந்த வரைபடங்களைப் போட்டார்கள். ஜிபிஎஸ்ஸின் கணக்கு டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் கலந்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். சமவெளியில் பரவாயில்லை, மலை விளிம்பில் நூறு மீட்டர் என்ன என்று யோசித்துக்கொள்.

வாங்குவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. என் பழைய கருவியைத் தருகிறேன். தோப்பில் ஒரு எவர்சில்வர் டப்பாவைப் புதைத்திருக்கிறேன், உள்ளே உன் சித்தி செய்த முறுக்கு. இடம் கடிதத்தின் பின்பக்கம் டிகிரி, நிமிடம், விநாடியில் இருக்கிறது. கருவியைத் தசமத்தில்தான் வைத்துத் தருவேன். எறும்பு முந்திக்கொள்ளும் முன் வந்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா